போட் கவர்: ரோட்டுல இழுக்கவும் வீட்டுல மூடவும் ஒன்னே போதுமா?

ஜனவரி 11, இரவு 10.20

சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். நானும் மச்சானும் பாதிப் பாதி காசு போட்டு ஒரு பழைய 14 அடி ஃபைபர் போட் வாங்கியிருக்கோம், 15 ஹார்ஸ் எஞ்சின், டிரெய்லரோட சேர்த்து. தோமான், செபாராவ் மீனு பிடிக்கத்தான், வேற பெரிய ஆசை ஒன்னும் இல்ல. இப்ப பிரச்சனை கவர். போட்டு நிக்கிறது தோட்டத்துல அப்பா வீட்டு ஓரமா, வெட்டவெளி. மாசத்துக்கு ரெண்டு தடவ ராபான் ஏரி, நீள லீவு கிடைச்சா டெமெங்கோர் ஏரி, பந்திங் பக்கம். கடையில விசாரிச்சா இழுத்துட்டுப் போக தனிக் கவர், நிறுத்தி வைக்க தனிக் கவர்ங்கிறானுங்க. எனக்கு இது காசு புடுங்குற வேலையாத்தான் தெரியுது. மூடுறது மூடுறதுதானே லா. 60 வெள்ளிக்கு (ரிங்கிட்) நீலத் தார்பாய் ஒன்னு வாங்கி இறுக்கிக் கட்டுனா ரெண்டு வேலைக்கும் ஆகாதா? லோரிக்காரன் அப்பிடித்தான் கட்டிக்கிட்டு கோலாலம்பூர் வரைக்கும் போறான்.

ஜனவரி 11, இரவு 11.05

சொல்ல மறந்துட்டேன், இழுக்குறது மச்சானோட ஹைலக்ஸ் பிக்கப். காடி அவன் பொறுப்பு, கவர் என் பொறுப்பு. இதை இங்க எழுதி வைக்கிறேன், பின்னாடி தேவைப்படும்.

ஜனவரி 14

பொங்கலும் அதுவுமா தார்பாய் வாங்கியாச்சு, 18க்கு 12 அடி. கயிறு வாங்கும்போது கடை அப்பேக், சீனப் பெரியவரு, மலாய்ல "தாலி எத்தனை வேணும்"னு கேட்டுட்டாரு. மலாய்ல தாலின்னா கயிறு. எட்டுன்னேன். பக்கத்துல நின்ன வீட்டுக்காரிக்கு சிரிப்பு நிக்கல. "எனக்கு ஒன்னு கட்டவே மூனு வருஷம் யோசிச்ச ஆளு, போட்டுக்கு ஒரே நாள்ல எட்டு கட்டுறாரு"ன்னு பொங்கல் குடுக்கப் போன வீடெல்லாம் சொல்லிட்டு வந்துட்டா.

ஜனவரி 19, ராத்திரி

சரி, கேட்டுக்கோங்க. காலையில 5 மணிக்குக் கிளம்புனோம். கோல கங்சார் வரைக்கும் மச்சான் 70ல போனான், ஒன்னும் தெரியல. லெங்கோங் ரோட்டுல ஏறுனதும் ரோடு காலியா கெடக்கு, அவன் 90க்குப் போயிட்டான். எதுத்தாப்ல ஒரு கட்டை லோரி. அது தாண்டுன வேகத்துல அடிச்ச காத்து முன்பக்கம் தார்பாய்க்கு அடியில புகுந்து, வளைகாப்புக்கு உக்காந்த பொண்ணு வயிறு மாதிரி உப்புச்சு, அப்புறம் பட்டுன்னு ஒரு ஐலெட், அதான் கயிறு கோக்குற வளையம், பிச்சுக்கிச்சு. ஒன்னு போனா அடுத்தது தானா போவும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, ஏன்னா போனதோட பாரமும் பக்கத்துல உள்ளது மேல விழுது. கண்ணாடியில பாத்தா நீலப் பேய் ஒன்னு போட்டு மேல நின்னு ஆடுது. நிறுத்தலாம்னா வளைவு மேல வளைவு, ஓரம் கட்ட இடமே இல்ல, நாலஞ்சு கிலோமீட்டர் அப்பிடியே படபடபடன்னு அடிச்சுக்கிட்டே வந்துச்சு. மச்சான் ஒரு வார்த்த பேசல. அந்த அமைதிதான் கஷ்டமா இருந்துச்சு.

ராபான்ல மீனும் இல்ல. வரும்போது லெங்கோங்ல பெக்காசம், அதான் புளிக்க வச்ச மீனு, ரெண்டு பேக்கெட் வாங்கிக்கிட்டு, மீன் கிடைச்சுதுன்னு வீட்ல சொன்னோம்.

ஜனவரி 20

வெளிச்சத்துல பாத்தேன். தார்பாய் போனா 60 வெள்ளி போவட்டும். ஆனா அது போட்டை அடிச்சிருக்கு. வலது பக்கம் பின் மூலையில, பித்தளை ஐலெட் ஒன்னு கயித்தோட தொங்கிக்கிட்டு அடிச்ச இடத்துல, ஃபைபரோட பளபளப்புத் தோல் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையா செதுக்கிக் கெடக்கு. விரலை வச்சா மாவு ஒட்டுது. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் பால் மரம் சீவுனவரு. குனிஞ்சு பாத்துட்டு, "பட்டை நல்லாத்தான் சீவியிருக்க, பாலுதான் வரல"ன்னாரு.

லோரிக்காரன் கதைக்கு நானே பதில் சொல்லிக்கிறேன். லோரி கென்வாஸ் தடிச்ச பிவிசி பூசுனது, நீலத் தார்பாய் வெறும் பிளாஸ்டிக் நாரு. லோரிக்கு உள்ள சாமான் முட்டுக் குடுக்குது, போட்டு நடுவுல குழி. லோரிக்காரனுக்கு பலகையில கீறல் விழுந்தா கவலை இல்ல. இன்னொன்னு, காத்தோட அழுத்தம் வேகத்துக்கு சரிசமமா ஏறாது, வேகத்தை அதே வேகத்தால பெருக்குன கணக்குல ஏறும். 60ல போற காடிய 90க்கு ஏத்துனா அழுத்தம் ஒன்றரை மடங்கு இல்ல, ரெண்டே கால் மடங்கு. 70லயே போயிருந்தா தார்பாய் தப்பிச்சிருக்கும்னு மச்சான்கிட்ட சொல்லிப் பாத்தேன். ஜனவரி 11 எழுதுனத எடுத்துக் காட்டுறான்.

ஜனவரி 27

ஆன்லைன்ல ஒரு கவர் ஆர்டர் போட்டேன், 280 வெள்ளி, "14லேர்ந்து 16 அடி" சைஸ், 600 டி பாலியஸ்டர். 600 டின்னா ஒரு சதுர மீட்டருக்கு 600 கிராம், நல்ல கனம். அளவு எடுக்குறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், முன் மூக்குலேர்ந்து பின் பலகை நடு வரைக்கும் நேர்க்கோடா எடுக்கணும், வளைவு மேல டேப்ப ஓட்டக் கூடாது. நான் முதல்ல ஓட்டுனேன், ஒன்றரை அடி கூட வந்துச்சு. அகலம் எங்க அதிகமோ அங்க எடுக்கணும், பின் பலகையில இல்ல. எஞ்சினை கவருக்குள்ள விடுறதா வெளிய விடுறதான்னு முன்னாலயே முடிவு பண்ணிக்கணும்.

பிப்ரவரி 2

திருத்தம். 600 டி பத்தி நான் போன வாரம் எழுதுனது சுத்த அபத்தம், ஒருத்தர் நாகரிகமா தனியா சொன்னாரு. டின்னா டெனியர், அது துணி கனம் இல்ல, நூல் கனம். 9000 மீட்டர் நூலை நிறுத்தா எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 600 டின்னா 9000 மீட்டர் நூலு 600 கிராம். நூலு தடிப்பா இருந்தும் நெசவு இடைவெளி விட்டு இருக்கலாம், உள் பக்கம் பூசுறது மெல்லிசா இருக்கலாம், ரெண்டு கவரும் "600 டி"ன்னுதான் எழுதியிருக்கும். அதனால துணியோட ஜி.எஸ்.எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு, தனியா கேளுங்க. நான் கேக்கல. காசு கட்டியாச்சு.

சாயமும் அப்பிடித்தான். நூலு ஆகுறதுக்கு முன்னாலயே சாயம் கலந்தது ஒரு வகை, துணியா நெய்த பிறகு சாயத்துல முக்குனது ஒரு வகை. மஞ்சக் கிழங்கை ஒடிச்சா உள்ளயும் மஞ்சளா இருக்கும், மூஞ்சியில பூசுன மஞ்சள் ரெண்டு சொம்பு தண்ணியில போயிடும். நம்ம வெயிலுக்கு முதல் வகைதான் நிக்கும். எனக்கு வந்தது எதுன்னு கேக்காதீங்க.

பிப்ரவரி 9

கவர் வந்துச்சு. தார்பாயோட ஒப்பிட்டா பட்டுச் சேலைதான். ஓரத்துல சுத்தி கயிறு ஓடுது, இழுத்தா பாவாடை நாடா மாதிரி இறுகுது. ஆனா 16 அடிக்கும் சேர்த்து தெச்சதால நம்ம 14 அடிக்கு முன்னாலயும் பக்கத்துலயும் தொளதொளன்னு மடிப்பு. வீட்டுல நிறுத்தி வச்சா பரவால்ல. ரோட்டுல அந்த மடிப்புதான் காத்துக்கு வாசப்படி.

மடிப்பை அடக்க நான் கண்டுபிடிச்ச வழி: பழைய மோட்டோ டியூபை வெட்டி வார் மாதிரி எடுத்து, கவர் ஓரத்துலேர்ந்து டிரெய்லர் சட்டத்துக்கு இழுத்து மாட்டுனேன். இழுவை இருக்கு, கயிறு மாதிரி தளராது. நாம பொறந்து வளந்த ஊரு கித்தா (ரப்பர்) ஊரு, வெளிநாட்டு எலாஸ்டிக் நமக்கு எதுக்கு? எல்லாரும் செஞ்சு பாருங்க.

பிப்ரவரி 23

மேல சொன்னதோட ராபான் போயிட்டு வந்தோம், 80 தாண்டாம. பிச்சுக்கல. ஆனா ம்ம்ம்ம்ம்னு ஒரு சத்தம், சிவன் கோயில் சங்கு மாதிரி விடாம, வழி முழுக்க. கவர்னு நினைச்சு ரெண்டு தடவ நிறுத்திப் பாத்தேன், கவர் இல்ல. போட்டை டிரெய்லரோட கட்டுற பட்டை பெல்ட்டு. தட்டையா இழுத்துக் கட்டுனா காத்துல அதிரும். மாட்டுறதுக்கு முன்னால ஒரே ஒரு முறுக்கு முறுக்கி விட்டேன், நின்னு போச்சு. இது ஒன்னுதான் இந்த இழையில நான் சொன்னதுலயே இன்னிக்கு வரைக்கும் தப்பாப் போகாதது.

இலை வேற. கித்தா மரம் இலை உதுக்குற மாசம் இது, காத்தடிச்சா கவர் மேல ஒரு கூடை காஞ்ச இலை. கூட்டித் தள்ளுனா போதும்னு விட்டுட்டேன்.

மார்ச் 9

கேள்வி ஒன்னு. கவரே இல்லாம இழுத்தா என்ன ஆவும்? இந்தக் கொஞ்ச தூர ரோட்டுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? தூண்டில், லைஃப் ஜாக்கெட், பெட்ரோல் டாங்கி எல்லாத்தையும் ஹைலக்ஸ் பின்னாடி ஏத்திட்டா போட்டு வெறும் தொட்டிதானே. அடுத்த வாரம் பரிசோதனை.

மார்ச் 16

பரிசோதனை முடிஞ்சுது. போட்டுக்கு ஒன்னும் ஆகல. மீன் பெட்டி மூடிய மட்டும் எடுக்க மறந்துட்டோம், கோல கங்சார்கிட்ட அது பறந்து போய் பின்னால வந்த மோட்டோக்காரரு முன்னால விழுந்துச்சு. அவரு நல்ல மனுசன், எடுத்துட்டு வந்து குடுத்தாரு. குடுக்கும்போது சொன்னத இங்க எழுத முடியாது. நியாயமான வார்த்தைதான், அவரு விழுந்திருந்தா?

இதுலேர்ந்து எனக்குப் புரிஞ்சது: ரோட்டுல கவரோட முதல் வேலை மழைக்கு மறைக்கிறது இல்ல, உள்ள இருக்குறது வெளிய பறக்காம பாத்துக்குறது, கல்லு மண்ணு உள்ள வராம பாத்துக்குறது. அதுக்கு ஏத்த கவர் இல்லன்னா, தொளதொளன்னு ஒன்னைக் கட்டிக்கிட்டு போறத விட, உள்ள துரும்பு இல்லாம காலி பண்ணிட்டு சும்மா போறது மேல். காலி பண்ணுறதுன்னா காலி பண்ணணும், மூடி உட்பட.

ஏப்ரல் 6

மழை ஆரம்பிச்சாச்சு. சனிக்கிழமை சாயங்காலம் அடிச்சுது பாருங்க, தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையெல்லாம் பேச்சு கேக்காத அளவுக்கு. காலையில போய்ப் பாத்தா கவர் நடுவுல ஒரு குளம். பிப்ரவரில கூட்டாம விட்ட இலை எல்லாம் அதுல ஊறி டீத்தண்ணி கலரு, அதுல ஒரு தவளை, சாவகாசமா. டிரெய்லரோட டயரு ரெண்டும் அழுந்தியிருக்கு. கணக்குப் போட்டேன், போட்டு பரப்பு ஏழு சதுர மீட்டர், 50 மில்லிமீட்டர் மழைன்னா 35 லிட்டர் தண்ணி. 35 லிட்டருக்கே இந்தப் பாடு.

ஏப்ரல் 7

35 இல்ல, 350. மகதான் கண்டுபிடிச்சா, ஆறாம் வகுப்பு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர், அப்ப ஏழு சதுர மீட்டருக்கு 50 மில்லிமீட்டர்னா 350 லிட்டர், 350 கிலோ. பாதி வழிஞ்சு போனாலும் ரெண்டு ஆளு ஏறி உக்காந்த பாரம். தையல் ஒரு பக்கம் வாய் தொறந்துடுச்சு. துணி நல்லாத்தான் இருக்கு, கிழிஞ்சது துணி இல்ல, நூலு. தையலை நகத்தால கீறுனா நூலு பொடியா உதிருது. வெயிலு முதல்ல தின்னுறது நூலைத்தான். துணி என்ன துணின்னு கேக்குற நாம, எதால தெச்சதுன்னு கேக்குறதே இல்ல.

தண்ணி தேங்காம இருக்கணும்னா நடுவுல முட்டு வேணும். பிவிசி பைப்பை வளைச்சு மூனு வில்லு வச்சேன், நடுவுல ஒரு கம்பு, கம்பு முனை துணிய குத்தாம இருக்க டென்னிஸ் பந்தை ஓட்டை போட்டு மாட்டியிருக்கேன். ராணுவக் கூடாரம் மாதிரி ஆயிடுச்சு. முன் மூக்கை ஜாக்கியால ஏத்தி வச்சுட்டு, பின்னால அடியில இருக்குற தண்ணி வடியுற பிளக்கையும் கழட்டிட்டேன். டிரெய்லர்ல நிக்கும்போது அந்த பிளக்கு உள்ள இருக்கவே கூடாது, உள்ள வந்த தண்ணி தானா ஓடிப் போவும். இதை எல்லாரும் மறக்காம செய்யுங்க.

ஏப்ரல் 13

பிளக்கை கழட்டச் சொன்னேன்ல. தண்ணியில இறக்குறதுக்கு முன்னால திருப்பி மாட்டவும் சொல்லியிருக்கணும். ராபான்ல கரையிலேர்ந்து இருபது மீட்டர் போனப்ப மச்சான் "காலு ஏன் ஈரமா இருக்கு"ன்னு கேட்டான். வேற எதுவும் எழுத விரும்பல. பிளக்கு இப்ப காடி சாவியோட தொங்குது.

ஏப்ரல் 20

புத்தாண்டு கழிஞ்ச வாரம் டெங்கி கொசு இருக்கான்னு பாக்குற ஆளுங்க தோட்டத்துக்கு வந்தாங்க. டார்ச் லைட்டை நேரா கவர் மடிப்புக்குள்ள அடிச்சாங்க. ஒரு உள்ளங்கை தண்ணி, அதுல நெளியுது. நான் அந்த பெரிய குளத்தைத்தான் பாத்தேன், ஓரத்துல கயிறு இறுகுன இடத்துல இருக்குற சின்ன மடிப்பைப் பாக்கல. ஏடிஸ் கொசுக்கு குளம் வேண்டாம், மூடி அளவு தண்ணி போதும், முட்டையிலேர்ந்து கொசு ஆக ஒரு வாரம் பத்து நாளு போதும். நோய் பரப்புற பூச்சிய ஒழிக்கிற 1975ம் வருஷத்துச் சட்டம், 500 வெள்ளி வரைக்கும் கம்பவுண்டு (அபராதம்) போடலாம். இந்த தடவ எச்சரிக்கையோட போனாங்க, அப்பா காப்பி குடுத்ததாலன்னு அவரு நினைச்சுக்கிட்டு இருக்காரு.

அதனால ஞாயித்துக்கிழமைன்னா நான் கவரை உதர்றேன். சாமி கும்புடுறேனோ இல்லையோ.

மே 11

இப்ப நாத்தம். மூனு வாரம் தொறக்காம விட்டுட்டு தொறந்தா, பெக்காசம் பானைய தொறந்த மாதிரி. சீட்டு மேல கருப்புப் புள்ளி, லைஃப் ஜாக்கெட் மேல பச்சை பூஞ்சணம், கயிறெல்லாம் வழவழன்னு. மழை உள்ள போகல, நான் சத்தியம் பண்ணுவேன். போட்டு ஈரமா வந்துச்சு, ஈரத்தோட மூடி நாடாவ இறுக்கிட்டேன். பகல் வெயில்ல அந்த ஈரம் ஆவியாகி, ராத்திரி கவர் அடியில வேர்த்து, திருப்பி சொட்டி, திருப்பி ஆவியாகி, இட்லிச் சட்டிதான். தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு நான் போட்ட இறுக்கம் தண்ணிய வெளிய விடல.

இங்கதான் ஜனவரில நான் கேட்ட கேள்விக்கு நானே தோத்துட்டேன். ரோட்டுல காத்து உள்ள போகக் கூடாது, அதனால கவர் ஒடம்போட ஒட்டி இருக்கணும். வீட்டுல காத்து உள்ள போயே ஆகணும், அதனால கவர் தள்ளி நிக்கணும். ரெண்டையும் ஒரே துணிகிட்ட கேட்டா அது எந்தப் பக்கம் போவும் பாவம். கடைக்காரன் காசு புடுங்கல, நான்தான் கஞ்சத்தனம் பட்டேன். அவன்கிட்ட இதை சொல்லப் போறதில்ல.

மே 12

பூஞ்சணம் கழுவ குளோரக்ஸ் பிளீச் ஊத்தலாமான்னு கேட்டவருக்கு: கவர் மேல ஊத்தாதீங்க, சாயமும் போவும் உள் பூச்சும் போவும். சாதா சவக்காரத் தண்ணி, மெத்துன்னு ஒரு புருசு, நிழல்ல காய வைங்க. வாஷிங் மெஷின்ல போடக் கூடாது. போட்டுப் பாத்தவ என் வீட்டுக்காரி இல்ல, நான்.

மே 31

டவுன்ல ஒரு குஷன் கடை, மோட்டோ சீட்டும் லோரி கென்வாஸும் தெக்கிற சீன அங்கள். கவரைக் கொண்டு போய் விரிச்சேன். அவரு துணியப் பாக்கவே இல்ல, நேரா தையலைத் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் மலாய்ல ஒரே கேள்வி: "இது தூங்குற போட்டுக்கா, ஓடுற போட்டுக்கா?" அஞ்சு மாசம் நான் எழுதுனத மனுசன் ஒரு வரியில கேட்டுட்டாரு. ஓடுறதுக்குன்னேன். அப்ப போட்டைக் கொண்டா, அளவு காகிதத்துல வேண்டாம்னாரு.

கொண்டு போனோம். அவரு வேலை செஞ்சதைப் பாக்கணும். முதல்ல மெல்லிசான பிளாஸ்டிக் தாளை போட்டு மேல விரிச்சு, டேப்பு ஒட்டி, சாக்பீஸ்ல கோடு போட்டு அச்சு எடுத்தாரு. கூரா நிக்கிற இடமெல்லாம் கையால தடவித் தடவிப் பாத்து வட்டம் போட்டாரு, முன் மூக்கு, கயிறு கட்டுற கொம்பு ரெண்டு, பின் பலகை மூலை ரெண்டு. அந்த இடத்துக்கெல்லாம் உள் பக்கம் லோரி கென்வாஸ் ஒட்டு. பழைய வெள்ளைக் கீறல் மேல கை வச்சதும் என்னை ஒரு பார்வ பாத்தாரு, எங்க அப்பா பாத்த அதே பார்வ.

துணிக்கு அக்ரிலிக் கேட்டேன், வெயிலுக்கு அதுதான் நல்லதுன்னு எங்கயோ படிச்சிருந்தேன். வெயிலுக்கு நல்லதுதான், மூச்சு விடும், நிறம் போகாது, ஆனா உரசுனா தேயும், ரோட்டுக்கு பாலியஸ்டர்தான்னு சொல்லிட்டாரு. தையல் ரெண்டு மடிப்பு மடிச்சு ரெட்டைத் தையல், நடு முதுகுல தையலே வராம பக்கத்துக்குத் தள்ளி வெட்டியிருக்காரு, தண்ணி நிக்கிற இடத்துல ஊசி ஓட்டை இருக்கக் கூடாதாம். ஐலெட் ஒன்னு கூட கிடையாது. "பித்தளை போட்டை அடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும்"னு, பத்து எடத்துல பட்டை வளையம் வச்சு தெச்சாரு. பின் பக்கம் ரெண்டு காத்து மூடி, உள்ள போன காத்து உப்பாம வெளியேற. 450 வெள்ளி. மச்சான் பாதி குடுத்தான், ஒப்பந்தத்தை மீறி. அவன் நல்லவன்தான்.

ஜூன் 15

டெமெங்கோர் போயிட்டு வந்தோம், கெரிக் தாண்டி பந்திங் பாலம் வரைக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல இழுவை. கவர் அசையல. அசையலன்னா, பாக்க போட்டுக்கு தோல் போத்துன மாதிரி. ஒரு எடத்துல நிறுத்தி உள்ளங்கைய வச்சு அழுத்திப் பாத்தேன், மத்தளம். திரும்பி வரும்போது மேட்டுல மழை புடிச்சுது, தையல் பக்கம் கொஞ்சம் கசிஞ்சிருக்கு, அங்கள் மெழுகு தேச்சு விடுறேன்னாரு.

மூலைக்கு மூலை கவரும் போட்டும் உரசுற இடத்துல முதல்ல பழைய துண்டு மடிச்சு வச்சேன். தப்பு, துண்டு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குது. இப்ப ஏர்கோன் பைப்புக்கு சுத்துற கருப்பு ஃபோம், கடையில வெட்டிப் போட்ட துண்டு சும்மாவே குடுப்பாங்க, பிளந்து மாட்டுனா தண்ணி குடிக்காது.

ஜூலை 6

வீட்டுல நிறுத்துறதுக்கு என்ன செஞ்சேன்னு நாலு பேரு கேட்டீங்க. கவர் வாங்கல. பழைய லயத்தை இடிச்சப்ப அப்பா எடுத்து வச்ச ஜிங்க் தகடு இருந்துச்சு, நாலு காலு நட்டு, ஒரு பக்கம் சாச்சு கூரை போட்டோம், சுத்தி தொறந்த வெளி. அதுக்குக் கீழ போட்டு, மேல தொளதொளன்னு அந்தப் பழைய கவரு, வில்லு மேல போத்தி, நாடா இறுக்காம, தூசிக்கு மட்டும். அடியில ஒரு முழம் காத்து ஓடுது. மழையோட பாரத்தை கூரை வாங்கிக்கிது, வெயிலையும் அதுதான் வாங்குது. 280 வெள்ளி கவரு இந்த வேலைக்கு அருமையான கவரு. ரோட்டு கவரு மடிச்சு வீட்டுக்குள்ள, காஞ்ச பிறகு.

ஜூலை 7

எடம் இல்லாதவங்களுக்கு கூரை சொல்லி என்ன பிரயோஜனம்னு ஒருத்தர் கோவப்பட்டிருக்காரு. சரிதான், தாமான்ல, வரிசை வீட்டுல இருக்குறவங்க எங்க போவாங்க. அப்ப கவர்தான்: சாயம் உள்ள கலந்தது, உசந்த முட்டு, காத்து மூடி, ஞாயித்துக்கிழமை உதர்றது. நான் தோட்டத்து ஆளு, எடம் இருக்குற திமிருல பேசிட்டேன்.

ஆகஸ்ட் 24

பிப்ரவரி 9ல நான் எழுதுன டியூபு வார் விஷயத்தை யாரும் செய்யாதீங்க. இன்னிக்கு கையில எடுத்து இழுத்தேன், மேல பூரா பல்லிக் கோடு கோடா வெடிச்சிருக்கு, பட்டுன்னு போச்சு. மரத்துப் பால்ல செஞ்ச கித்தா வெயிலுக்கும் காத்துல இருக்குற ஓசோனுக்கும் ஆகாது, இழுத்துப் பிடிச்ச நிலையில இருந்தா இன்னும் சீக்கிரம் வெடிக்கும். கித்தா ஊருன்னு நான் பேசுன வீராப்புக்கு அப்பா ஒரு நாளு கூட வாயத் தொறக்கல, அவருக்குத் தெரியும், பால் மங்கு கட்டுற இடத்துல ரப்பர் வார் எத்தனை நாளு நிக்கும்னு. ஏன் சொல்லலன்னு கேட்டேன். "கேக்கலியே"ன்னாரு. இப்ப பட்டை பெல்ட்டு, பிளாஸ்டிக் கொக்கி, ஒரு முறுக்கு.

செப்டம்பர் 14

எலி. செம்பனைப் பக்கம் இருக்குறவங்களுக்கு சொல்லவே வேண்டாம். சீட்டு ஃபோமை குடைஞ்சு குடும்பம் நடத்துது. தோட்டத்துல எலிக்கு ஆந்தைப் பெட்டி கட்டி வச்சிருக்காங்க, ஒரு ஆந்தை இப்ப எங்க ஜிங்க் கூரை ஓரத்துலதான் உக்காருது. எலி குறைஞ்சுடுச்சு. பழைய கவர் மேல ஆந்தை போடுறது குறையல. ரெண்டுல எது பரவால்லன்னு வீட்ல வாக்குவாதம் ஓடுது, நான் ஆந்தை கட்சி.

மச்சி, எஞ்சினுக்கு தனிக் கவர் வேணுமான்னு கேட்டவருக்கு: இழுக்கும்போது வேண்டாம், அதுவும் காத்துல பிச்சுக்கும், எஞ்சின் மூடியே அதுக்கு கவருதான். நிறுத்தி வைக்கும்போது போத்துங்க, கீழ தொறந்து விட்டு.

அக்டோபர் 19

மறுபடி பெரிய மழை. கூரை தாங்குச்சு, ஆனா சாரல் பக்கவாட்டுல அடிச்சு பழைய கவரோட கிழிஞ்ச தையல் இன்னும் ஒரு முழம் போயிடுச்சு. அங்கள்கிட்ட கேட்டேன், தெக்கிற கூலிக்கு துணியே வாங்கலாம்னாரு. அதுக்கு பதிலா கொசு வலை மாதிரி ஒரு நிழல் வலை வாங்கிட்டேன், நாத்துப் பண்ணைக்கு போடுறாங்களே அது, கூரைக்குக் கீழ தூசிக்கும் ஆந்தைக்கும் அது போதுது.

அதனால 14-16 அடி கவரு ஒன்னு, ஒரு பக்கம் தையல் விட்டது, ஆந்தை முத்திரையோட, யாருக்காச்சும் வேணும்னா வந்து எடுத்துக்கோங்க, காசு வேண்டாம். வில்லும் கம்பும் சேர்த்துத் தர்றேன். டென்னிஸ் பந்து மட்டும் நீங்க கொண்டாங்க, இங்க இருந்ததை பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு.